முழுதாகத் திரும்பி வரும் தண்ணீர்ப் பாட்டில்: கோடைத் தேர்வுக் காலத்தில் மூளைக்குத் தண்ணீர் கொடுப்பது எப்படி?

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளி விட்ட கையோடு என்னிடம் கணக்குப் படிக்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சனிக்கிழமைக் காலை வகுப்பில் பிழையில்லாமல் போட்ட அதே வகையான இருபடிச் சமன்பாட்டில் கழித்தல் குறியை மூன்று முறை தவறவிட்டாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் தலை வலிக்கிறதா என்று கேட்டபோது ஆமாம் என்று தலையசைத்தாள். அவள் பையின் ஓரத்தில் செருகியிருந்த ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து பார்த்தேன். காலை ஏழரை மணிக்கு அவள் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "குடிச்சா பாத்ரூம் போகணும் சார், எங்க ஸ்கூல் பாத்ரூமுக்குப் போக முடியாது" என்றாள். ஒரு டம்ளர் நீர்மோரும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, அரை மணி நேரம் கணக்கைத் தள்ளி வைத்தோம். அவள் அதன்பின் மேதையாகிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் தலைவலி தணிந்தது, அடுத்த இரண்டு கணக்குகளில் குறி தவறவில்லை.

தண்ணீர் குடிப்பது நல்லது என்று அறியாத பிள்ளை எதுவும் இல்லை. ஆகவே தண்ணீரின் பெருமையைப் பாடுவதற்காக இதை எழுதவில்லை. எவ்வளவு குறைந்தால் மூளை தடுமாறுகிறது, அதை எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது, குடிக்கவிடாமல் தடுக்கும் காரணங்களை எப்படி நீக்குவது என்பவற்றையே, தேர்வெழுதும் பிள்ளைகளையும் நாள் முழுவதும் கவனத்தோடு வேலை செய்பவர்களையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

தாகம் எடுப்பதற்கு முன்னால் நடப்பது

மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர்தான். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள அந்த உறுப்பு, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வியர்வையாலும் மூச்சாலும் நீர் வெளியேறி இரத்தத்தில் உப்பின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே, மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸை ஒட்டியுள்ள உணர்செல்கள் அதைக் கண்டுகொள்கின்றன. உடனே பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் என்னும் ஹார்மோன் வெளிப்பட்டு, சிறுநீரகங்களை நீரைச் சேமிக்கச் சொல்கிறது. சிறுநீர் அளவில் குறைந்து நிறத்தில் அடர்கிறது. நாம் தாகமாக உணர்வது பெரும்பாலும் இந்தச் சிக்கன நடவடிக்கை தொடங்கிய பிறகுதான். தாகம் என்பது நல்ல காவல்காரன் என்றாலும், பாடத்திலோ வேலையிலோ மூழ்கியிருப்பவர்கள் அதன் குரலைக் கேட்காமல் கடந்துவிடுகிறார்கள். சிறுநீர் கழிக்க இடமில்லாதவர்கள் கேட்டும் அடக்கிக்கொள்கிறார்கள்.

எவ்வளவு குறைந்தால் சிந்தனை பாதிக்கப்படும் என்பதற்கு நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. 1988இல் வெளியான அந்த ஆய்வில், 11 இளைஞர்களை வெப்பத்தில் வியர்க்கவைத்து உடல் எடையில் 1, 2, 3, 4 சதவீதம் என்று படிப்படியாக நீரிழக்கச் செய்து, உடல் வெப்பம் தணிந்த பிறகு அவர்களுக்குச் சொற்களை நினைவுகூர்தல், தொடர்ந்து கூட்டுதல் போன்ற சோதனைகளை வைத்தார்கள். 2 சதவீதத்தைத் தொட்டபோது திறன் தெளிவாகக் குறையத் தொடங்கியது. இழப்பு கூடக் கூடக் குறைவும் கூடியது. 2018இல் 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியவர்களும் ஏறக்குறைய அதே எல்லைக்கே வந்து சேர்ந்தார்கள்: 2 சதவீதத்துக்கு மேல் போகும்போது கவனம், திட்டமிட்டு முடிவெடுக்கும் திறன், கை கண் ஒத்துழைப்பு ஆகியவை குறிப்பாக அடிபடுகின்றன.

அந்த எல்லைக்குக் கீழே எல்லாம் நலம் என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இளம்பெண்களை வைத்துச் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 1.36 சதவீத நீரிழப்பிலேயே தலைவலி வந்தது, கவனத்தை நிறுத்துவது கடினமாகத் தோன்றியது, கொடுத்த வேலை முன்னைவிடக் கடுமையாகப் பட்டது. ஆனால் சோதனை மதிப்பெண்கள் பெரும்பாலும் குறையவில்லை. லண்டனில் பதின்வயதினரின் மூளையைப் படம்பிடித்து 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது: நீரிழந்த நிலையில் அவர்கள் புதிரை அதே திறனோடு விடுவித்தார்கள் என்றாலும், அதற்காக மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத் தேர்வில் இந்தக் கூடுதல் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்றே நான் கருதுகிறேன். முதல் ஒரு மணி நேரத்தில் தெரியாத களைப்பு, கடைசி ஐந்து மதிப்பெண் வினாவில் கழித்தல் குறியைத் தின்றுவிடும்.

உங்கள் அளவை நீங்களே கண்டறிவது

சதவீதத்தைச் சொம்பாக மாற்றிப் பார்த்தால் எளிதாக விளங்கும். 50 கிலோ எடையுள்ள மாணவிக்கு 2 சதவீதம் என்பது ஒரு கிலோ, அதாவது ஒரு லிட்டர் தண்ணீர். மின்விசிறி மட்டும் சுழலும் வகுப்பறையில் உட்கார்ந்து, இடையில் வெயிலில் நடந்து, காலை முதல் மாலை வரை ஒன்றும் குடிக்காமல் இருப்பவருக்கு ஒரு லிட்டர் என்பது எட்டாத தொலைவன்று. மேலே சொன்ன மாணவியின் பாட்டிலில் முழுதாகத் திரும்பி வந்ததும் சரியாக அந்த ஒரு லிட்டர்தான்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், தொடர்ந்து நான்கைந்து நாள்கள் காலையில் எழுந்து சிறுநீர் கழித்தவுடன், எதுவும் உண்ணாமல் குடிக்காமல் எடையைக் குறித்து வையுங்கள். அந்த எண்களின் சராசரிதான் உங்கள் அடிக்கோடு. பின்னர் வெயிலில் நெடுநேரம் இருந்து வந்த ஒரு நாளில், திரும்பியவுடன் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். இடையில் உண்டதும் கழித்ததும் கணக்கில் கொஞ்சம் குழப்பம் செய்யும் என்றாலும், அடிக்கோட்டிலிருந்து அரை கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

கருவி இல்லாதவர்களுக்குச் சிறுநீரின் நிறமே போதும். வெளிர்ந்த வைக்கோல் நிறம் நல்ல அடையாளம். தேன் நிறத்துக்குப் போனால் உடல் சிக்கனத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் இரவெல்லாம் சேர்ந்து அடர்ந்திருப்பது இயல்பாதலால், அதைக் கொண்டு பயப்பட வேண்டாம். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கழிப்பதைக் கவனியுங்கள். பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரைபோபிளேவின் காரணமாகச் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும் என்பதால், அவர்களுக்கு இந்த அடையாளம் உதவாது.

நாளொன்றுக்கு எட்டு டம்ளர் என்னும் கணக்கைப் பலரும் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் உடல்நலமுள்ள ஒருவருக்குச் சுமார் எட்டு டம்ளர், அதாவது 2 லிட்டர் அளவைப் பொதுவான வழிகாட்டியாகச் சொல்கிறது. அதை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்வது நல்லது. சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைப்பதால் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வேலூர், திருச்சி, கரூர்ப் பக்கத்து வறண்ட வெயிலிலோ வியர்வை பிறந்த இடத்திலேயே காய்ந்துபோவதால், வியர்க்கவே இல்லை என்று எண்ணிக்கொண்டு மிகுதியாக இழப்பவர்கள் உண்டு.

உணவிலிருந்தும் நமக்கு நீர் கிடைக்கிறது. வடித்த சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ரசமும் சாம்பாரும் மோரும் அதற்கு மேல். தேர்வுப் பதற்றத்தில் காலை உணவைத் தவிர்க்கும் பிள்ளை, இட்லியை மட்டுமன்றி அதோடு சேரும் நீரையும் உப்பையும் சேர்த்தே இழக்கிறது என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். நம் பாட்டிமார் வெயில் காலத்தில் நீராகாரத்தைக் கல்லுப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு கொடுத்ததில் தண்ணீரும் உப்பும் மாவுச்சத்தும் ஒரே சொம்பில் அடங்கியிருந்தன.

நாளைப் பங்கிட்டுக் குடிப்பது

இரவு முழுவதும் மூச்சிலும் தோலிலும் நீரிழந்துதான் எழுகிறோம். ஆகையால் பல் துலக்கியவுடன் ஒரு டம்ளர், காலை உணவோடு ஒரு டம்ளர், பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ சேர்ந்த பிறகு மதியம் வரை அரை லிட்டர், மதிய உணவுக்குப் பின் மாலை வரை இன்னொரு அரை லிட்டர், வீடு திரும்பியவுடன் ஒரு டம்ளர் என்று வகுத்துக்கொண்டால், படுக்கைக்குப் போகும் நேரத்தில் கடன் தீர்ப்பதுபோல் குடிக்க வேண்டியிருக்காது. இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு லிட்டரை ஒரேயடியாகக் குடித்தால் நள்ளிரவில் எழுந்திருக்க நேர்ந்து உறக்கம் கெடும். கெட்ட உறக்கம் மறுநாள் நினைவாற்றலுக்குச் செய்யும் தீங்கு, சிறிதளவு நீர்க்குறைவு செய்யும் தீங்கைவிடப் பெரியது.

குடித்த தண்ணீர் ஐந்து நிமிடங்களில் இரத்தத்தில் தென்படத் தொடங்கினாலும், முழுவதும் உறிஞ்சப்பட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேர்வு மணி அடிக்கும்போது மடமடவென்று குடிப்பதில் பயன் குறைவு என்பதற்கு இதுவே காரணம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மணிக்கு ஒருமுறை குடிப்பதே மூளைக்கு ஏற்றது.

தேநீரும் காப்பியும் நீரை வெளியேற்றிவிடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. பழகியவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று முறை குடிக்கும் தேநீர், உடலின் நீர்க்கணக்கில் வரவாகவே சேரும். சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். மண்பானைத் தண்ணீரும், உப்பிட்ட நீர்மோரும், பானகமும், வெள்ளரிப் பிஞ்சும், நுங்கும் கிடைக்கும் ஊரில் அவற்றைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன என்பதால், இரண்டின் அளவையும் கூட்டாமல் குறைக்காமல் போட வேண்டும்.

தேர்வு நாள்

2025இல் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு மே 4ஆம் தேதி நடந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அதே நாள்தான். தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் என்றாலும் ஒன்றரை மணிக்கே வாசலை மூடிவிடுவதால், பிள்ளைகள் உச்சி வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அத்தகைய நாளில், முற்பகல் பதினொரு மணியளவில் மோர்ச்சோறோ இட்லியோ சாப்பிட்டு, அதோடு இரண்டு டம்ளர் அளவு தண்ணீர் குடிக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது குடையும் சிறு பாட்டிலும் பெற்றோர் கையில் இருக்கட்டும். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய். உள்ளே போனவுடன், இருக்கையில் அமர்வதற்கு முன்பு, தேவை தோன்றாவிட்டாலும் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட வேண்டும். உள்ளே ஒளி ஊடுருவும் தண்ணீர்ப் பாட்டிலை வழக்கமாக அனுமதிக்கிறார்கள் என்றாலும், அந்தந்த ஆண்டின் நுழைவுச் சீட்டில் உள்ள அறிவுரையை முந்தைய நாளே படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தேர்வின்போது ஒவ்வொரு பாடப்பகுதி முடிந்ததும் இரண்டு வாய் குடிப்பது என்று வைத்துக்கொண்டால், கண்ணுக்கும் ஒரு சிறு ஓய்வு கிடைக்கும்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், எட்டுப் பேரை கால் மணிக்கு 250 மில்லி என்ற கணக்கில் குடிக்கவைத்து, சிறுநீரை அடக்கவே முடியாத கட்டம் வரை சோதித்தார்கள். அடக்கிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய கவனமும் நினைவும் கணிசமாகக் குறைந்தன. கழித்தபின் பழைய நிலைக்கு வந்தன. ஆகவே தேர்வுக்கு முந்தைய அரை மணியில் அரை டம்ளருக்கு மேல் குடிக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

குடிக்கவிடாத கதவு

அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மாணவியின் பள்ளிக் கழிப்பறைதான். குடிக்காவிட்டால் நீரிழப்பு, குடித்தால் அடக்கல். இரண்டிலும் அடிபடுவது அதே கவனம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2025ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் தண்ணீர் குடிப்பதற்கென்றே நாளில் மூன்று முறை மணி அடிக்கும் ஏற்பாடு கொண்டுவரப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த மணிக்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால், தாழ்ப்பாள் உள்ள கதவும், தண்ணீர் வரும் குழாயும், மாதவிடாய் நாள்களில் துணியைப் போடக் கூடையும் உள்ள கழிப்பறை வேண்டும்.

எனவே பிள்ளையிடம் "தண்ணி குடிச்சியா" என்று கேட்பதற்கு முன்பு "பாத்ரூம் எப்படி இருக்கு" என்று கேளுங்கள். பாட்டில் முழுதாகத் திரும்பி வந்தால் திட்டாதீர்கள். அது ஒரு புகார் மனு. மேலே சொன்ன மாணவியின் அம்மாவும் இன்னும் நான்கு தாய்மார்களும் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினார்கள். உடைந்த தாழ்ப்பாளை மாற்றுவதற்குப் பதினைந்து நாள்கள் ஆயின. அதற்குள் அவளுக்கு வேறொரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே காலைத் தண்ணீரைக் குடித்து முடித்து, கிளம்பும் நேரத்தில் கழித்துவிட்டுப் போவது, பள்ளியில் மணிக்கு நான்கு வாய் மட்டும் குடிப்பது. இந்த அளவில் பெரும்பாலும் வியர்வைக்கு ஈடாகிவிடுவதால் சிறுநீர் உந்துதல் மிகுதியாக வருவதில்லை. இது தீர்வன்று, தீர்வு வரும்வரை தாங்குவதற்கான வழி.

ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்யும் பெண்களுக்கும் இதே சங்கடம் உண்டு. அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் இருக்கை மட்டும் போதாது: கழிப்பறைக்குப் போய்வர அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரைத் தவிர்ப்பவர்கள், பிற்பகலில் பில் தொகையைத் தவறாகச் சொல்லித் திட்டு வாங்குகிறார்கள். முதலாளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: மேசைக்கு மேசை தண்ணீர் வையுங்கள், போய்வருவதற்கு நேரம் எண்ணாதீர்கள்.

மிகுதியும் ஆபத்தே, முதியவர்களுக்குத் தனிக் கவனம்

அளவுக்கு மீறினால் தண்ணீரும் மூளையைத் தாக்கும். சிறுநீரகங்களால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றுவது கடினம். அதை மீறிக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளைச் செல்கள் வீங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். 2002இல் பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அவர்களில் மிகுதி. வெயிலில் நெடுநேரம் வியர்த்தவர்கள் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிக்காமல், உப்பிட்ட மோரோ கஞ்சியோ சேர்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் ஓர் அளவு விதித்திருப்பார். அவர்கள் இந்தக் கட்டுரையின் எண்களை விட்டுவிட்டு அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

வயது ஏறும்போது தாக உணர்வு மங்குகிறது. 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்துச் சோதித்தபோது, 67 முதல் 75 வயதுள்ள ஆண்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே தாகத்தை உணர்ந்தார்கள் என்று 1984இல் வெளியான ஆய்வு காட்டியது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், இரவில் எழுந்து நடக்க அஞ்சி மாலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுபவர்களுக்கும் இழப்பு இன்னும் விரைவாக நேரும். அப்பாவோ அம்மாவோ பேரப்பிள்ளைகளின் பெயரைத் திடீரென்று மாற்றிச் சொன்னாலோ, பகலா இரவா என்று தடுமாறினாலோ, அதை மறதி நோய் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். நேற்று முதல் என்ன குடித்தார், எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள். நன்றாக விழித்திருந்து விழுங்க முடிகிறதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியோ மோரோ கொடுத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் சரியாக விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, முகமோ கையோ ஒரு பக்கம் தொங்குகிறது, உடல் அனலாகக் கொதிக்கிறது என்றால், வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.